இறக்கை ஜீன் கெட்டால் முட்டை ஏன் நின்றுபோகிறது?

கேள்வி இதுதான்: பழ ஈயில் 'ஆப்டெரஸ்' என்ற ஜீன் இறக்கை வளர்வதற்கானது என்று பாடத்தில் இருக்கிறது. அதே ஜீன் கெட்டுப்போன பெண் ஈக்களுக்கு ஹார்மோன் குறைவு, அவை முட்டையும் இடுவதில்லை என்று வேறோர் இடத்தில் ஒரு வரி வருகிறது. இறக்கைக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம்? இறக்கை இல்லாததால் ஜோடி சேர முடியாமல், அதனால்தான் முட்டை இல்லாமல் போகிறதா?

கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, அதனால் இல்லை. இரண்டு காரணம் சொல்லலாம். ஒன்று, பெண் ஈக்கு முட்டை உருவாக ஆண் ஈயே தேவையில்லை. பிறந்ததிலிருந்து ஆணைப் பார்க்காத கன்னி ஈயைப் பிரித்துப் பார்த்தாலும் வயிறு நிறைய முதிர்ந்த முட்டைகள் இருக்கும். அவற்றை இடாமல் பெரும்பாலும் வைத்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இரண்டு, 'வெஸ்டிஜியல்' என்று இன்னொரு ஜீன் இருக்கிறது. அது கெட்டால் இறக்கை வெறும் முளையாக நின்றுவிடும், பறக்கவே முடியாது. ஆனால் அந்த ஈக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெருகிக்கொண்டு புட்டியில் சுகமாக வாழ்கின்றன. இறக்கை போனால் இனப்பெருக்கமும் போகும் என்றால் வெஸ்டிஜியல் வம்சம் முதல் தலைமுறையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஆக, ஆப்டெரஸ் ஈயின் முட்டைப் பிரச்சினை இறக்கை வழியாக வரவில்லை. ஒரே ஜீன் உடம்பின் வேறு வேறு இடங்களில் வேறு வேறு வேலை பார்க்கிறது, அதில் இறக்கை ஒன்று, ஹார்மோன் இன்னொன்று. பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. 'ஆப்டெரஸ்' என்றால் கிரேக்கத்தில் 'இறக்கையற்ற' என்று பொருள். பழ ஈ ஆராய்ச்சியில் ஒரு வழக்கம் உண்டு: ஜீன் கெட்டால் முதலில் எது கண்ணில் படுகிறதோ அதையே பெயராக வைத்துவிடுவார்கள். 1910-ல் மரபியல் அறிஞர் மார்கன் கண்ட வெள்ளைக் கண் ஈயிலிருந்து வந்த ஜீனுக்கு 'வைட்' என்று பெயர். அந்த ஜீனின் உண்மையான வேலை கண்ணைச் சிவப்பாக்குவது. எதிர்மறைப் பெயர்! இறக்கையில்லாத ஈயும் அதே காலத்தில் கிடைத்ததுதான், 1914-லேயே அதைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இறக்கை இல்லாதது தெரியும், வயிற்றுக்குள் சூலகம் சூம்பிக் கிடப்பது தெரியாது. கண்ணில் பட்டதை வைத்துப் பெயரிட்டார்கள், பெயரை வைத்து நாம் 'இறக்கை ஜீன்' என்கிறோம். (இதே ஈயில் 'விங்லெஸ்' என்று தனியாக வேறொரு ஜீனும் உண்டு. ஒன்று கிரேக்கத்தில் இறக்கையற்றது, இன்னொன்று ஆங்கிலத்தில் இறக்கையற்றது, இரண்டும் வேறு வேறு. புதிதாகப் படிக்க வருபவர்கள் பாவம்.)

இறக்கையில் இது என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால்தான் 'இப்படிப்பட்ட ஜீன் வேறெங்கும் வேலை பார்க்கலாம்' என்பது புரியும். 1992-ல் இந்த ஜீனைப் பிரித்தெடுத்துப் படித்தபோது, அது மற்ற ஜீன்களை இயக்கவும் அடக்கவும் செய்யும் ஒரு புரதத்துக்கான குறிப்பு என்று தெரிந்தது. டிஎன்ஏ-வில் போய் உட்காரும் ஒரு பகுதி, மற்றப் புரதங்களோடு கைகோக்கும் 'லிம்' என்ற பகுதி, இரண்டும் அதில் இருக்கின்றன. புழுவின் உடலுக்குள் பின்னாளில் இறக்கையாகப் போகும் சிறு செல் தட்டு ஒன்று இருக்கும். அதன் மேல்பக்கச் செல்களில் மட்டும் ஆப்டெரஸ் இயங்கும், அதுதான் 'நீ மேல்பக்கம்' என்று அவற்றுக்குச் சொல்வது. கீழ்ப்பக்கச் செல்களில் அது இருக்காது. இந்த இரண்டு கூட்டமும் உரசும் எல்லையில் 'நாட்ச்' என்ற சமிக்ஞை எழும், அந்த எல்லைதான் இறக்கையின் ஓரம், அங்கிருந்துதான் வளர்ச்சிக்கான உத்தரவு போகிறது. மேல்பக்கம் என்ற அடையாளமே இல்லையென்றால் எல்லை இல்லை, எல்லை இல்லையென்றால் இறக்கை இல்லை. பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஈக்களுக்கு இரண்டு குட்டிக் குமிழ்கள் இருக்குமே, பறக்கும்போது நிலை தடுமாறாமல் காப்பவை, அவையும் இல்லாமல் போகும்.

கவனியுங்கள், இதில் 'இறக்கைப் பொருள்' என்று எதையும் இந்த ஜீன் செய்யவில்லை. ஒரு செல்லுக்கு 'நீ யார்' என்று முத்திரை குத்துகிறது, அவ்வளவே. அதே முத்திரையை வேறு திசுவில் குத்தினால் விளைவு வேறாக இருக்கும். கருவில் சில தசைகள் உருவாக இது வேண்டும், சில நரம்பு செல்கள் தங்கள் இழைகளைச் சரியான பாதையில் நீட்டவும் இது வேண்டும். நரம்புக்கு அப்புறம் திரும்பி வருகிறேன், முட்டைக் கதைக்கு அதுதான் முக்கியம்.

சரி, இப்போது ஈயைப் பார்ப்போம். இந்த ஜீன் ஏறக்குறைய முழுக்கச் செயலிழந்த வகை ஒன்று உண்டு, 'ஏபி-4' என்பார்கள். இரண்டு குரோமோசோம்களிலும் அது இருக்கும் ஈ கூட்டைவிட்டு வெளியே வரும், இறக்கை இருக்காது, கால்கள் வலுவில்லாமல் தள்ளாடும், உணவின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் எழுந்திருக்கத் தெரியாது. எப்படியும் சில நாட்களுக்குள் செத்துவிடும். இன்னொரு விசித்திரம், புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்புச் செல்கள். சாதாரண ஈ கூட்டைவிட்டு வந்த முதல் இரண்டு மூன்று நாளில் அந்தப் பழைய கொழுப்பைக் கரைத்துத் தின்றுவிடும், அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. ஏபி-4 ஈயில் அது கரையாமல் அப்படியே கிடக்கிறது. 1965-லேயே இதையெல்லாம் ஒருங்கே விவரித்து எழுதியிருக்கிறார்கள்: இறக்கை இல்லை, சீக்கிரம் சாவு, கொழுப்பு கரையவில்லை, பெண்ணுக்கு முட்டை முதிரவில்லை.

முட்டை எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் இதில் ரசமான விஷயம். பெண் ஈயின் சூலகத்தில் மணி கோத்த சரங்கள் மாதிரி குழாய்கள் இருக்கும், ஒரு சூலகத்துக்குச் சுமார் 16 முதல் 20 வரை. சரத்தின் நுனியில் பிஞ்சு, அடியில் முற்றியது. ஒவ்வொரு மணியிலும் 16 செல்கள், ஒரே தாய்ச் செல் நான்கு முறை பிரிந்து வந்தவை. அதில் ஒன்றுதான் முட்டையாகும், மீதி 15-ம் அதற்கு ஊட்டிவிட்டு மடியும் தாதி செல்கள். இந்த வளர்ச்சியை 14 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழாம் படி வரை முட்டை கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். எட்டாம் படியில் மஞ்சள் கரு உள்ளே இறங்கத் தொடங்கும், அதற்கப்புறம் அது ஊதிப் பெருத்து வெள்ளையாக, ஒளி ஊடுருவாததாக மாறிவிடும். ஏபி-4 பெண்ணில் முட்டைகள் ஏழாம் படி வரை ஒழுங்காக வருகின்றன. அங்கே நின்றுவிடுகின்றன. உற்பத்தி ஆரம்பத்திலேயே கெடவில்லை, மஞ்சள் கரு ஏறும் வாசலில் தடை.

வாசலில் தடை என்றால் சந்தேகப்பட மூன்று பேர் உண்டு. சூலகமே கோளாறாக இருக்கலாம். மஞ்சள் கருவுக்கான புரதம் தயாராகாமல் இருக்கலாம் (ஈயில் அதைப் பெரும்பாலும் கொழுப்புத் திசுவும், கொஞ்சம் முட்டையைச் சுற்றியுள்ள செல்களும் தயாரிக்கின்றன). அல்லது எல்லாம் சரியாக இருந்தும் 'இப்போது ஏற்று' என்ற உத்தரவு வராமல் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய அந்தக் காலத்தவர்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. அதன் சூலகத்தை எடுத்து இன்னொரு பூச்சியின் வயிற்றில் வைத்தார்கள். ஏபி-4 சூலகத்தை நல்ல ஈயின் உடலுக்குள் வைத்தால் அதில் மஞ்சள் கரு ஏறியது. சூலகத்தின் மேல் குற்றமில்லை, அது இருந்த உடம்பில்தான் ஏதோ இல்லை.

அந்த 'ஏதோ' என்ன? பூச்சிகளைப் படித்தவர்கள் உடனே சந்தேகப்படும் பொருள் ஒன்று உண்டு: ஜுவனைல் ஹார்மோன், தமிழில் இளம்பருவ ஹார்மோன் எனலாம். இனி ஜே.எச். என்று மட்டும் சொல்கிறேன். மூளைக்குப் பின்னால் கார்பஸ் அல்லேட்டம் என்ற ஒரு துளிச் சுரப்பி இருக்கிறது, அங்கிருந்து வருகிறது. இந்தப் பெயரும் குழப்பும் பெயர்தான். புழுப் பருவத்தில் 'இன்னும் புழுவாகவே இரு' என்று பிடித்து வைப்பது இதன் முதல் வேலை என்பதால் 'இளம்பருவ' என்று ஆயிற்று. 1930-களில் பூச்சியியல் அறிஞர் விகில்ஸ்வொர்த் ரத்தம் குடிக்கும் ஒரு மூட்டைப்பூச்சி வகையில் இதன் இருப்பைக் காட்டினார். ஆனால் வளர்ந்த பூச்சியில் அதே ஹார்மோன் திரும்ப வந்து நேரெதிரான வேலையைப் பார்க்கிறது, இனப்பெருக்கத்துக்குத் தயார்படுத்துகிறது. இளமையைக் காப்பதும் தாய்மைக்குத் தயார் செய்வதும் ஒரே மூலக்கூறு!

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, சொல்லாமல் போக மனமில்லை. 1960-களில் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போன ஓர் ஆராய்ச்சியாளர் தன் செம்பூச்சிகளை அங்கே வளர்த்தபோது அவை முதிர்ச்சியடையாமல் பிரம்மாண்டக் குஞ்சுப்பூச்சிகளாகவே வளர்ந்து செத்தன. உணவு, வெளிச்சம், தண்ணீர் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துக் கடைசியில் குற்றவாளி பிடிபட்டது. பூச்சிகளுக்குக் கீழே விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்கக் காகிதத்துக்கு மரக்கூழ் தந்த ஊசியிலை மரத்தில் ஜே.எச். போலவே நடிக்கும் ஒரு பொருள் இருந்தது. மரம் தன்னைத் தின்னும் பூச்சிகளுக்கு வைத்த பொறி என்று அதைப் பார்க்கிறார்கள். இந்த ஹார்மோனைப் போல நடிக்கும் செயற்கைப் பொருட்களை, மெத்தோபிரீன் முதலியவற்றை, பூச்சிக்கொல்லியாகவே விற்கத் தொடங்கிய காலம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

அந்த மெத்தோபிரீன்தான் நம் கதையின் திருப்பம். 1973-ல் ஏபி-4 பெண் ஈயின் மேல் இப்படி ஒரு ஜே.எச். போலியைத் தடவிப் பார்த்தார்கள். நின்றிருந்த முட்டைகளில் மஞ்சள் கரு ஏறத் தொடங்கியது. சூலகம் சரி, புரதம் தயாரிக்கும் இயந்திரமும் சரி, உத்தரவுதான் வரவில்லை என்பது உறுதியாயிற்று. 1991-ல் இன்னும் நேராகவே போனார்கள்: அந்தத் துளிச் சுரப்பியை வெளியே எடுத்து, கிண்ணத்தில் வைத்து, எவ்வளவு ஜே.எச். செய்கிறது என்று அளந்தார்கள். ஆப்டெரஸ் கெட்ட ஈக்களின் சுரப்பி குறைவாகச் செய்தது. பழ ஈயின் சுரப்பி முக்கியமாகச் செய்வது மற்றப் பூச்சிகளின் ஜே.எச். அல்ல, அதன் சற்றே மாறிய வடிவம் என்பது அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1989-ல்தான் தெரியவந்திருந்தது. எதை அளப்பது என்றே தெரியாமல் எப்படி அளப்பது? அந்த இரண்டு ஆண்டு முக்கியம்.

இப்போது 'உத்தரவு' என்று நான் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன், ஏனென்றால் ஜே.எச். தனியாக ஆட்சி செய்யும் ராஜா இல்லை. கொழுப்புத் திசு மஞ்சள் கருப் புரதங்களைச் செய்யலாமா என்பதை முதலில் தீர்மானிப்பது அந்த உடம்பு பெண்ணா என்பதைச் சொல்லும் 'டபுள்செக்ஸ்' என்ற ஜீன். அதற்கு மேல் ஜே.எச்., எக்டைசோன் என்ற இன்னொரு ஹார்மோன், சாப்பாட்டு நிலவரத்தைச் சொல்லும் இன்சுலின் மாதிரிப் பொருட்கள் எல்லாம் சேர்ந்து அளவைக் கூட்டிக் குறைக்கின்றன. செய்த புரதம் ரத்தத்தில் மிதந்து சூலகத்துக்கு வரும்போது, அதை முட்டைக்குள் இழுத்துக்கொள்ளும் கதவைத் திறப்பதில் ஜே.எச்.-க்குப் பெரிய பங்கு. இன்சுலின் உணரியில் கோளாறு இருக்கும் ஈக்களிலும் ஜே.எச். குறைந்திருப்பதை 2001-ல் காட்டினார்கள். அந்த ஈக்கள் குள்ளம், முட்டை வளராது, ஆனால் நீண்ட ஆயுள். அந்த ஆயுள் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈக்குப் பட்டினி வந்தால் எட்டு, ஒன்பதாம் படி முட்டைகளைக் கொன்று உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும். அங்கே எக்டைசோன் அதிகமானால் முட்டை சாகிறது, ஜே.எச். இருந்தால் பிழைக்கிறது, அந்த இரண்டின் இழுபறிதான் அந்தச் சோதனைச் சாவடி. குளிர்காலமும் இதே சாவடியைப் பயன்படுத்துகிறது. சுமார் 12 டிகிரிக்குக் கீழே, குறுகிய பகலில் வைத்த சாதாரணப் பெண் ஈயின் சூலகம் மஞ்சள் கரு ஏறாமல் பிஞ்சாகவே காத்திருக்கும், வெப்பம் வரும்போது தொடரும். அந்தச் சூலகத்தையும் ஏபி-4 சூலகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் சொல்லக் கொஞ்ச நேரமாகும். குளிரில் உறங்கும் ஈ தெரிந்தே பூட்டி வைத்த கதவு அது. ஏபி-4 ஈயிடம் சாவியே இல்லை.

ஆண் ஈயும் இந்தக் கதவில் கை வைக்கிறது. கலவியின்போது விந்தோடு சேர்த்து 36 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு புரதத்தை, 'செக்ஸ் பெப்டைட்' என்பார்கள், பெண்ணுக்குள் செலுத்துகிறது. அது போனபின் பெண் அடுத்த ஆணை உதறித் தள்ளும், முட்டையிடுவது மளமளவென்று கூடும். அந்தப் புரதம் பெண்ணின் கார்பஸ் அல்லேட்டத்தைத் தூண்டி ஜே.எச். உற்பத்தியை உயர்த்துகிறது என்று 1996-ல் காட்டினார்கள். கலவிக்குப் பின் பெண் ஈயின் குடல்கூடப் பெரிதாகிறது, அதற்கும் ஜே.எச்.-தான் சமிக்ஞை. முட்டைக்கு வேண்டிய தீனியை உறிஞ்சப் பெரிய குடல் வேண்டும் அல்லவா.

கேள்வியில் ஜோடி சேர்வது பற்றி இருந்தது. அதிலும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, ஆனால் காரணம் வேறு. கூட்டைவிட்டு வந்த பெண் ஈ முதல் நாளில் ஆணை ஏற்காது, உதைத்துவிடும். இரண்டாம் நாள் வாக்கில்தான் இசையும். ஜே.எச். குறைந்த ஆப்டெரஸ் பெண்களில் இந்த இசைவு பாதிக்கப்பட்டிருப்பதை 1991-லேயே பார்த்தார்கள். 'பார்த்தீர்களா, இறக்கை இல்லாததால்தான்' என்று யாராவது சொல்லலாம். கலவியில் பாடுவது ஆண், அதுதான் ஒற்றை இறக்கையை விரித்து அதிர வைக்கும், பெண்ணின் இறக்கைக்கு அங்கே வேலை அதிகமில்லை. 2013-ல் வேறொரு குழு இறக்கையெல்லாம் நன்றாக இருக்கும் ஈக்களில் ஜே.எச். சுரப்பியை மட்டும் இல்லாமல் செய்து பார்த்தது. அந்தப் பெண்களும் ஆணை ஏற்கத் தாமதித்தன. தாமதம்தான், ஒரேயடியாக மறுப்பு இல்லை. ஆக, முட்டை தயாராவதும் மனம் தயாராவதும் ஒரே ஹார்மோன் கடிகாரத்தைப் பார்த்து நடக்கின்றன. ஏபி-4 ஈயில் அந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது.

ஆண்களுக்கும் ஜே.எச். உண்டு, பலர் மறந்துவிடுகிறார்கள். விந்தோடு சேரும் புரதங்களைச் செய்யும் துணைச்சுரப்பியின் உற்பத்தியை அது தூண்டும். வயது ஏறும்போது பெண்ணின் வாசனையை உணரும் ஒரு வகை நரம்புகளைக் கூர்மையாக்கும். ஆப்டெரஸ் கெட்ட ஆண்களின் காதல் சமிக்ஞைகளிலும் குறை இருப்பதாக 1992-ல் ஒரு தனிக் கட்டுரையே வந்தது.

இதுவரை படித்தவர்களுக்கு எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது மாதிரி தோன்றும்: ஜீன் கெட்டது, ஜே.எச். குறைந்தது, அதனால் முட்டை போனது, ஆயுள் போனது, எல்லாம் போனது. இங்கேதான் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். ஏபி-4 ஈயின் எல்லாக் கோளாறுகளையும் ஜே.எச். தலையில் கட்ட முடியாது. 2013-ல் ஜே.எச். சுரப்பியை மரபணு வழியில் அழித்த ஈக்களின் வயதைக் கணக்கிட்டார்கள். அவை முட்டை குறைவாக இட்டன, ஆனால் சாதாரண ஈக்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தன! மெத்தோபிரீன் கொடுத்தால் அந்தக் கூடுதல் ஆயுள் போய்விட்டது. ஏபி-4 ஈயோ சில நாளில் சாகிறது. ஹார்மோன் இல்லாததுதான் காரணம் என்றால் அது நீடித்து வாழ வேண்டும், சாகக் கூடாது. எனவே அந்த அவசரச் சாவு ஆப்டெரஸ் வேறெங்கோ செய்யாமல் விட்ட வேலையின் விளைவு. தசை, நரம்பு என்று அது வேலை பார்க்கும் இடங்கள் பல இருப்பதால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் அதே சோதனை சொல்கிறது. சுரப்பியே இல்லாத பெண் ஈ முட்டை குறைவாக இடுகிறது, முழு மலடாகவில்லை. ஆனால் சுரப்பி இருந்தும் சோம்பிக் கிடக்கும் ஏபி-4 பெண்ணில் முட்டை முழுக்க நின்றுபோகிறது. அப்படியென்றால் ஏபி-4-ன் மலட்டுத்தன்மையில் ஜே.எச். பெரும்பங்கு, முழுப்பங்கு அல்ல என்றுதான் நான் படிக்கிறேன். பழைய கட்டுரைகளை மட்டும் வைத்து 'ஆப்டெரஸ் என்றால் ஜே.எச். குறைபாடு' என்று சமன்பாடு எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை அங்கேதான்.

ஆப்டெரஸில் பல வகைத் திடீர்மாற்றங்கள் உண்டு, சிலவற்றில் ஜீன் கொஞ்சம் வேலை செய்யும், சிலவற்றில் துளியும் செய்யாது. இறக்கை எவ்வளவு போயிருக்கிறது என்பதும் மலட்டுத்தன்மை எவ்வளவு என்பதும் இந்த வகைகளில் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு போவதில்லை. முன்பு இதைப் பார்த்தவர்கள் ஜீனுக்குள் தனித்தனி அறைகள் இருக்கின்றனவோ என்று நினைத்தார்கள். 1985-ல் வந்த விளக்கம் எளிமையானது. ஒவ்வொரு உறுப்புக்கும் இந்தப் புரதம் வேண்டிய அளவு வேறு. ஒன்றுக்குச் சிறிது இருந்தாலே போதும், இன்னொன்றுக்கு நிறைய வேண்டும். அளவு குறையக் குறைய உறுப்புகள் ஒவ்வொன்றாக உதிரும், சேர்ந்து உதிராது.

சரி, சுரப்பி ஏன் சோம்புகிறது? நரம்புக்குத் திரும்பி வருகிறேன் என்றேனே. ஆப்டெரஸ் மூளையிலும் மார்புப் பகுதி நரம்பு மையத்திலும் குறிப்பிட்ட சில நரம்பு செல்களில் இயங்குகிறது, அவற்றில் பல நியூரோபெப்டைடுகளை, அதாவது செய்தி சொல்லும் சிறு புரதத் துண்டுகளை, சுரக்கும் வகை, அதாவது நரம்பும் சுரப்பியும் கலந்த செல்கள். மார்பில் மூன்று ஜோடி செல்கள் ஒரு குறிப்பிட்ட நியூரோபெப்டைடைச் செய்து நேராக ரத்தத்தில் விடுகின்றன, அந்த நியூரோபெப்டைடின் ஜீனை இயக்குவதில் ஆப்டெரஸுக்குக் கை இருப்பதை 1998-ல் காட்டினார்கள். சிறுநீர் போக்கைக் கட்டுப்படுத்தும் இன்னொரு நியூரோபெப்டைடின் கதையும் இதே மாதிரி. மறுபக்கம், கார்பஸ் அல்லேட்டம் தன்னிஷ்டத்துக்கு ஓடும் சுரப்பி இல்லை, மூளையிலிருந்து வரும் நரம்புகளும் பெப்டைடுகளும்தான் அதை முடுக்குவதும் அடக்குவதும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் பந்தயம் இதுதான்: ஆப்டெரஸ் ஹார்மோனைச் செய்வதில்லை, ஹார்மோன் சுரப்பிக்குக் கட்டளை போடும் நரம்பு செல்களைச் சரியான ஆளாக உருவாக்குகிறது. இறக்கையில் 'நீ மேல்பக்கம்' என்று முத்திரை குத்திய அதே கை, மூளையில் 'நீ இந்தப் பெப்டைடைச் செய்பவன்' என்று குத்துகிறது.

இது ஈயோடு முடியும் கதை இல்லை. நம் உடம்பிலும் ஆப்டெரஸின் உறவுக்காரர்கள் உண்டு, எல்லாம் எல்எச்எக்ஸ் என்று தொடங்கி எண்ணில் முடியும் பெயர்கள். 1999-ல் மனிதனின் எல்எச்எக்ஸ்-2 ஜீனை ஆப்டெரஸ் கெட்ட ஈக்குள் இயக்கிப் பார்த்தார்கள். ஈக்கு இறக்கை வளர்ந்தது. அடுத்த ஆண்டு, 2000-ல், எல்எச்எக்ஸ்-9 நீக்கப்பட்ட எலிகளைப் பார்த்தபோது அவற்றுக்கு விரையோ சூலகமோ உருவாகவே இல்லை. குரோமோசோம்படி ஆணாக இருந்தவையும் தோற்றத்தில் பெண்ணாக இருந்தன. கொஞ்சம் தூரத்து உறவான எல்எச்எக்ஸ்-3 மனிதரில் கெட்டால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சரியாக உருவாகாமல் பல ஹார்மோன்கள் ஒன்றாகக் குறைகின்றன. உறுப்பு ஜீன், ஹார்மோன் ஜீன், இனப்பெருக்க ஜீன் என்று நாம் ஒட்டும் சீட்டுகள் இந்தக் குடும்பத்தின் மேல் ஒட்டவே மாட்டேன் என்கின்றன.

கடைசியாக, ஆய்வகத்தில் கைவைக்கும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு. ஏபி-4 ஈக்களை அவற்றுக்குள்ளேயே பெருக்க முடியாது என்பது இப்போது தெரிந்திருக்கும், அதனால் ஒரு நல்ல குரோமோசோமோடு சேர்த்து, 'கர்லி' என்ற சுருள் இறக்கை அடையாளம் போட்ட குரோமோசோம் அது, வைத்திருப்பார்கள். அந்தப் புட்டியில் சுருள் இறக்கை இருப்பவை எல்லாம் நல்ல பிரதி ஒன்று உள்ளவை, இறக்கையே இல்லாதவை நமக்கு வேண்டியவை. வெளியே வந்தவுடன் பெண்களைப் பிரித்துவிடுங்கள், காத்திருந்தால் பிணங்களைத்தான் பிரிக்க வேண்டிவரும். உணவை ஈரமில்லாமல் கெட்டியாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிச் சாவதையும் ஜீன் கோளாறால் சாவதையும் பிரித்தறிய முடியாது, நான் முதல் தடவை பாதி ஈக்களை இப்படித்தான் இழந்தேன். மெத்தோபிரீனை அசிட்டோனில் கரைத்து வயிற்றில் மிகச் சிறு துளி வையுங்கள். வெறும் அசிட்டோன் வைத்த ஈக்கள் ஒரு கூட்டமும் கட்டாயம் வேண்டும், அசிட்டோனே சில ஈக்களைத் தடுமாற வைக்கும். ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்து உப்புக் கரைசலில் சூலகத்தைப் பிரித்துக் கறுப்புப் பின்னணியில் பாருங்கள். அசிட்டோன் கூட்டத்தில் கண்ணாடிச் சரம். மெத்தோபிரீன் கூட்டத்தில் சரத்தின் அடிப்பக்க மணிகள் பால் மாதிரி வெளுக்கத் தொடங்கியிருக்கும்.